கூரை மடிக்கும் கார் வன்னிக்குச் சரிவருமா? நான்கு வழிகளின் ஒப்பீடு

கடந்த சில மாதங்களில் மூன்று பேர் ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். ஒருவர் கிளிநொச்சியில் இரும்புக் கடை நடத்தும் இளைஞர். இரண்டாமவர் ரொறன்ரோவில் நெடுங்காலம் உழைத்துவிட்டு, விசுவமடுவில் தகப்பனாரின் காணியில் வீடு கட்டிக் குடியேறியிருக்கும் ஐயா. மூன்றாமவர் வவுனியாவில் திருமணங்களுக்குக் கார் வாடகைக்கு விடுபவர். மூவரின் ஆசையும் ஒன்றுதான்: இரண்டு கதவு, தாழ்ந்த உடல், கூரையை மடித்துவிட்டு ஆனையிறவுக் காற்றில் ஓடக்கூடிய ஒரு கார். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்ததும், பலருக்குள் அடங்கிக் கிடந்த ஆசை எழுந்து உட்கார்ந்துவிட்டது.

எனக்கும் இந்த ஆசை இருந்தது. பரந்தனில் இருந்தபடி நான்கு ஆண்டுகள் ஒரு மஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருந்தேன், பிறகு விற்றேன். வாங்கிய சுகமும் விற்ற சிரமமும் இரண்டுமே தெரியும் என்பதால்தான் எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வன்னியில் இந்தக் காரைத் தெரிவு செய்ய வேண்டியது கண் அல்ல. உங்கள் வீட்டுப் படலையில் இருந்து தார் வீதி வரையுள்ள ஒழுங்கையும், நாளை உங்களிடம் அதை வாங்கப்போகும் மனிதரும்தான் தெரிவு செய்கிறார்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

எதை வைத்து அளப்பது

முதலாவது, ஒழுங்கை. ஏ9 வீதி இன்று நல்ல வீதி. பரந்தன் முல்லைத்தீவு வீதியும் பழைய நிலையில் இல்லை. ஆனால் நாம் குடியிருப்பது ஏ9இல் அல்ல. உள்வீதிகளில் கிரவல் போட்டிருக்கும். உழவு இயந்திரமும் டிப்பரும் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளமாகி, நடுவில் மண் திட்டாக எழுந்து நிற்கும். ஸ்போர்ட்ஸ் கார்களின் அடிவயிறு தரையில் இருந்து ஏறக்குறைய 12, 13 சென்ரிமீற்றர் உயரத்தில்தான் இருக்கும். கார் பார்க்கப் போகும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். 12 சென்ரிமீற்றர் உயரத்துக்கு இரண்டு கட்டைத் துண்டுகளை வெட்டி, இரண்டு சக்கரத் தடங்களிலும் நிறுத்தி, இடையே ஒரு கயிற்றை இழுத்துப் பிடியுங்கள். இருவர் அப்படியே படலையில் இருந்து தார் வீதி வரை நடக்க வேண்டும். நடுமேடு கயிற்றைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் காரின் வயிறு உரசும். வாய்க்காலுக்கு மேலே உள்ள மதகு மேடுகளையும் அப்படியே பாருங்கள். இரும்புக் கடைத் தம்பியும் நானும் இதை ஒரு மாலை செய்து பார்த்தோம். அவருடைய ஒழுங்கையில் பதினோர் இடத்தில் கயிறு தட்டியது. அன்றைக்கே அவருடைய பட்டியலில் பாதிக் கார்கள் போய்விட்டன.

இரண்டாவது, வானம். ஆண்டில் பெரும்பகுதி சுட்டெரிக்கும் வெயில். வைகாசியில் இருந்து சோளகக் காற்றோடு புழுதி. ஐப்பசி பிறந்தால் வாடை மழை. கூரை திறந்து ஓடக்கூடிய நேரம் விடியற்காலையும் மாலை நாலரைக்குப் பின்னரும்தான். நடுப்பகலில் கூரையைத் திறந்து ஓமந்தையில் இருந்து மாங்குளம் வரை ஓடிப் பார்த்தவர் இரண்டாம் முறை அதைச் செய்ய மாட்டார்.

மூன்றாவது, கைவைக்கும் ஆள். பழுது வந்தால் காரை எங்கே கொண்டுபோவது? கிளிநொச்சியில் நல்ல கை உள்ள மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஆனால் கணினி இணைத்துப் பிழை பார்க்கும் உயர்ரகக் கார்களுக்கு வேண்டிய கருவிகள் பெரும்பாலும் கொழும்பில்தான். இடையில் 300 கிலோமீற்றருக்கு மேல். அந்தத் தூரத்துக்குக் காரை லொறியில் ஏற்றி அனுப்பும் செலவை ஒவ்வொரு பழுதோடும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்தக் கார்களுக்கு அப்படியே பொருந்தும்.

நான்காவது, புத்தகம், அதாவது பதிவுச் சான்றிதழ். ஐந்தாவது, விற்கும் நாள். இந்த இரண்டையும் கடைசியில் ஒன்றாகச் சொல்கிறேன்.

மேலோட்டமாகப் பார்த்தால் நான்கு வழிகளும் இப்படி நிற்கின்றன:

| அளவுகோல் | ஐரோப்பிய உயர்ரகம் | சிறிய யப்பான் கார் | மொரிஸ் மைனர் டூரர் | வாடகைக்கு எடுப்பது |
|---|---|---|---|---|
| ஒழுங்கை | தார் வீதியோரம் வீடு என்றால் மட்டும் | கவனமாக ஓட்டினால் சமாளிக்கும் | தயங்காமல் ஓடும் | தார் வீதி மண்டபம் வரை |
| மழை, புழுதி | மூடிய கராஜ் கட்டாயம் | கொட்டகை வேண்டும் | கொட்டகை வேண்டும், துரு பார்க்க வேண்டும் | உங்கள் கவலை இல்லை |
| பழுது | கொழும்பு | பாதி இங்கே, பாதி கொழும்பு | ஊரிலேயே | உரிமையாளர் பாடு |
| மறைந்த செலவு | மிக அதிகம் | நடுத்தரம் | உடல் வேலையில் மட்டும் அதிகம் | பிணைப்பணம், தூரக் கட்டணம் |
| விற்பது | மிகக் கடினம் | பொறுமை இருந்தால் முடியும் | எளிது | விற்க எதுவும் இல்லை |

முதல் வழி: பெராரி, போர்ஷ் போன்ற உயர்ரகம்

புதிதாக இறக்குமதி செய்வது என்றால் முதலில் வரியைப் பாருங்கள். நம் நாட்டில் பெற்றோல் காருக்கு உற்பத்தி வரி எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்து ஏறுகிறது. அதோடு சுங்க வரி, பெறுமதி ஒரு வரம்பைத் தாண்டினால் ஆடம்பர வரி, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி. 2008இல் வந்த பெராரி கலிபோர்னியா, உலோகக் கூரையைத் தானே மடித்துக்கொள்ளும் கார்; அதன் எஞ்சின் 4.3 லீற்றர். இப்படிப்பட்ட கொள்ளளவுக்கு வரி போட்டுப் பார்த்தால் காரின் விலை சின்னதாகத் தெரியும்.

விசுவமடு ஐயா கேட்டது வேறு. "கனடாவில் மகன் வைத்திருக்கும் போர்ஷ் பொக்ஸ்டரை அப்படியே கப்பலில் ஏற்றினால் என்ன தம்பி?" முடியாது, ஐயா. கனடாக் காரின் ஸ்டியரிங் இடப்பக்கம். இங்கே சாதாரணமாக அதைப் பதிவு செய்ய விட மாட்டார்கள். வலப்பக்க ஸ்டியரிங் உள்ள பிரித்தானியக் கார் என்றாலும் பழைய வாகனங்களுக்கு வயதெல்லை இருக்கிறது. ஆகவே பழைய உயர்ரகக் கார் வேண்டுமென்றால் நாட்டுக்குள் ஏற்கெனவே பதிவாகி ஓடும் ஒன்றைத்தான் தேட வேண்டும்.

அப்படித் தேடும்போது கைக்கு எட்டுவதுபோலத் தெரிவது 1996இல் இருந்து 2004 வரை வந்த முதல் தலைமுறை போர்ஷ் பொக்ஸ்டர். அழகான கார். ஆனால் வன்னியின் மண்ணோடும் மழையோடும் அது எப்படி மோதும் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

பொக்ஸ்டரின் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. அதைக் குளிர்விக்கும் ரேடியேற்றர்கள் முன் பம்பரின் இரண்டு மூலைகளிலும் இருக்கின்றன. அந்த வாய்கள் தரையோடு தாழ்ந்து, சருகையும் புழுதியையும் அள்ளி விழுங்குகின்றன. முன்னே ஒரு டிப்பர் கிரவல் ஏற்றிக்கொண்டு போகும் நாளில் நீங்கள் பின்னால் ஓடினால் என்ன உள்ளே போகும் என்று நினைத்துப் பாருங்கள். பம்பரைக் கழற்றித் துப்புரவு செய்யாவிட்டால் ஈரம் தங்கி, ஏசி வாயுவைக் குளிர்விக்கும் கண்டென்சர் அரித்துப் போகும்.

கூரை மடியும் இடத்தில் மழைநீர் வடியத் துளைகள் இருக்கின்றன. அவை அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே இறங்கி விரிப்பை நனைக்கும். அந்தக் காரில், திருடர் எடுக்காமல் எஞ்சினைப் பூட்டும் மின்னணுப் பெட்டி இருக்கைக்கு அடியில், தரையோடு இருக்கிறது. அது நனைந்தால் கார் கிளம்பாது. ஒரு பிடி வேப்பம்பூ போதும், கார் கொழும்புக்கு லொறியில் போக.

மூன்றாவது, எஞ்சினுக்குள் இருக்கும் இடைத்தண்டின் பேரிங். அந்தக் கால போர்ஷ் எஞ்சின்களின் பேர்போன பலவீனம் அது. எல்லாக் காரிலும் உடையாது. உடைந்தால் எஞ்சின் முழுவதையும் கொண்டுபோய்விடும். முந்தைய உரிமையாளர் அதை மாற்றியதற்கான பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

பெராரியில் இன்னொரு விடயம். 348, எப்355 போன்ற பழைய கார்களில் டைமிங் பெல்ட், அதாவது எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் பட்டி, மாற்ற எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த வேலை வரும். எப்430இலும் கலிபோர்னியாவிலும் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி வந்துவிட்டதால் அந்தத் தொல்லை இல்லை. இந்த இரண்டு வகைக் கார்களின் விலைக்கு இடையே உள்ள வித்தியாசத்தில் இதுவும் அடங்கியிருக்கிறது.

ஓடாமல் நிறுத்தி வைப்பதற்கும் செலவு உண்டு. பற்றரி இறங்கும், ரயர் ஒரு பக்கம் தட்டையாகும், எலியும் அணிலும் வயரைக் கடிக்கும். மயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பளபளக்கும் கதவில் தன் உருவத்தைக் கண்டால் இன்னொரு மயில் என்று எண்ணிக் கொத்தும். நம் வளவுகளில் மயில் வருவது எல்லோருக்கும் சந்தோஷம்தான். கறுப்பு நிறக் காருக்கு மட்டும் அந்தச் சந்தோஷம் இல்லை. 95 ஒக்டேன் பெற்றோல் எல்லா நிரப்பு நிலையங்களிலும் கிடைப்பதில்லை. இவற்றில் பலவற்றில் முழு அளவு உதிரி ரயர் இருக்காது. உடைமுள் குத்தினால் ஊர்ப் பங்சர் கடையில் அந்த அளவு ரயர் இருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும், நகரத்துக்கு வெளியே வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். 460 குதிரைவலு உள்ள கலிபோர்னியா அந்த வேகத்தில் இரண்டாம் கியரிலேயே சோம்பி நிற்கும்.

இது சரிவரும் இடம் ஒன்று உண்டு. கொழும்பிலும் ஒரு வீடு இருந்து, காரை அங்கேயே மூடிய கராஜில் வைத்து, சேர்விசும் அங்கேயே செய்து, ஆண்டில் இரண்டொரு முறை மட்டும் வடக்கே ஓட்டி வருவீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, கூரையைத் திறந்து ஆனையிறவு தாண்டும் அந்த ஒரு மணி நேரத்துக்கு விலை இல்லை. ஆனால் காரின் வீடு கொழும்பாக இருக்கட்டும்.

இரண்டாம் வழி: சிறிய யப்பான் கார்

மூன்று பெயர்கள் வரும்: மஸ்டா எம்எக்ஸ்-5, ஹொண்டா எஸ்660, டைஹட்சு கோபன்.

பின்னிரண்டும் மிகச் சிறிய எஞ்சின் உள்ளவை. எஸ்660 என்பது 658 சிசி, 64 குதிரைவலு, எஞ்சின் இருக்கைக்குப் பின்னால். 2015இல் வந்து 2022இல் உற்பத்தி நின்றுவிட்டது. அதன் கூரை பாய் சுருட்டுவதுபோலச் சுருண்டு முன் பெட்டிக்குள் போகும். போனபின் அந்தக் காரில் ஒரு கைப்பைக்குக்கூட இடம் இல்லை. சந்தைக்குப் போய்வர முடியாது. முன் ரயரும் பின் ரயரும் வேறு வேறு அளவு. கோபனின் உலோகக் கூரை பொத்தானை அழுத்தினால் பின்னால் மடியும். வெயிலுக்கு அது துணிக்கூரையைவிட நல்லது. ஆனால் உயரமானவர்கள் வாங்கும் முன் உள்ளே ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும். தனி ஆளாக மாலையில் ஓடி மகிழ, எரிபொருளில் சிக்கனமாக, இவை நல்ல கார்கள். வேறு வாகனம் ஒன்றும் வீட்டில் இருக்க வேண்டும்.

எம்எக்ஸ்-5 வேறு தரம். 1989இல் அறிமுகமாகி, உலகில் அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று 2000ஆம் ஆண்டிலேயே கின்னஸ் பதிவு பெற்றது. 2016இல் பத்து இலட்சத்தைத் தாண்டியது. அத்தனை விற்ற காரென்பதால் உதிரிப்பாகம் உலகெங்கும் கிடைக்கிறது. முன்னால் எஞ்சின், பின் சக்கரம் இழுக்கும், எடை ஏறக்குறைய ஒரு தொன். எந்த மெக்கானிக்கும் பொனற்றைத் திறந்து பார்த்ததும் எது என்னவென்று புரிந்துகொள்வார். நான் வைத்திருந்தது இரண்டாம் தலைமுறை. அதில் பின் ஜன்னல் கண்ணாடி. முதல் தலைமுறையில் அது பிளாஸ்டிக். நம் வெயிலில் மஞ்சளித்து, பின்னால் வரும் பஸ் தெரியாமல் போகும். முதல் இரண்டு தலைமுறைகளிலும் டைமிங் பெல்ட். ஒரு இலட்சம் கிலோமீற்றருக்குள் மாற்ற வேண்டும். 2005இல் வந்த மூன்றாம் தலைமுறையில் இருந்து சங்கிலி.

நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்கிறேன். வாங்கிய ஆண்டு ஐப்பசி மழை தொடங்கி ஒரு வாரம். காருக்குள் ஊறப்போட்ட நெல்லின் வாசனை வந்தது. விரிப்பைத் தூக்கினேன், அடியில் இருந்த பஞ்சு பிழியப் பிழிய நீர். கூரை நன்றாகத்தான் மூடியிருந்தது, எங்கும் கிழிசல் இல்லை. இரண்டு நாள் தேடினேன். கடைசியில் ஊரிலுள்ள மெக்கானிக் ஒருவர் இருக்கைக்குப் பின்னால், இருக்கைப் பட்டி இறங்கும் மூலையில் விரலை விட்டு ஒரு பிடி கறுப்புச் சேற்றை எடுத்துக் காட்டினார். புளியமிலை. காரை நிறுத்திய புளிய மரத்தின் சின்ன இலைகள் கூரையின் மடிப்பில் சேர்ந்து, வடிகால் துளையில் இறங்கி அடைத்துக்கொண்டிருந்தன. "அண்ணை, இது கூரையின் பிழை இல்லை, மரத்தின் பிழை" என்றார். சைக்கிளின் பழைய பிரேக் கேபிள் ஒன்றைத் துளைக்குள் விட்டு மெல்லச் சுழற்றினார். காருக்கு அடியில், பின் சக்கரத்துக்கு முன்னால், கறுப்பு நீர் கொட்டியது. நீர் அங்கே தங்கிக் கிடந்தால் கதவுக்குக் கீழேயுள்ள தகரம் உள்ளிருந்தே துருப்பிடித்துவிடும். வெளியே கொப்பளம் தெரியும்போது உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்காது. வாங்கப் போகும்போது அந்த இடத்தைத்தான் முதலில் தட்டிப் பாருங்கள். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை அந்தக் கேபிளை விடுவது என் வழக்கமாகிவிட்டது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் தார் வீதியில் நெல் காயப்போடுவார்கள். அது அவர்கள் வாழ்வு. நாம்தான் ஒதுங்க வேண்டும். தாழ்ந்த கார் வைக்கோலின் மேல் ஏறினால் சூடான புகைக்குழாயில் அது சுற்றிக்கொள்ளும், தீப்பற்றும். இறங்கிப் பார்த்து இழுத்தெடுங்கள். அடுத்தது வெள்ளம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நீர் எவ்வளவு விரைவாக ஏறியது என்பதை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மற்றக் கார்களுக்குச் சக்கரம் நனையும் நீர், இந்தக் காருக்கு இருக்கை நனையும் நீர். மேட்டு நிலத்தில் கொட்டகை போடுங்கள். காப்புறுதியில் வெள்ளச் சேதம் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

இரும்புக் கடைத் தம்பிக்கு நான் சொன்னது எம்எக்ஸ்-5தான். ஒழுங்கையின் நடுமேட்டை வெட்டி, கிரவல் போட்டு நிரவிய பிறகு. அந்த வேலை அயலார் எல்லோருக்கும் பயன்படும். செலவைப் பங்குபோடக் கேட்டாலும் மறுக்க மாட்டார்கள்.

மூன்றாம் வழி: மொரிஸ் மைனர் டூரர்

இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் விசுவமடு ஐயாவின் உண்மையான ஆசை வேகம் இல்லை; காற்றும், ஊரும், நான்கு பேரப்பிள்ளைகளும்தான். அதைக் கண்டுபிடிக்க இரண்டு தேநீர் தேவைப்பட்டது.

1948இல் வந்த மொரிஸ் மைனருக்கு டூரர் எனப்படும் துணிக்கூரை வகை தொடக்கத்தில் இருந்தே உண்டு. 1969 வரை செய்தார்கள். பிந்தைய எஞ்சின் 1098 சிசி. நம்மவர்களுக்கு இந்தக் காரின் கதை தனி. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் மருந்துபோலப் போத்தலில் விற்ற காலத்தில், கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்யில் ஓடியவை இந்த மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும்தான். நோயாளிகளை ஏற்றியவை, மணப்பெண்ணை ஏற்றியவை. அந்த வெண்புகையின் வாசனை ஒரு தலைமுறைக்கே மூக்கில் நிற்கிறது. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை ஓடி அங்கேயே கைவிடப்பட்டு, எரிந்து துருவாகக் கிடந்த வாகனக் குவியலில் இவையும் இருந்தன. இன்று வன்னியில் ஒரு மைனர் நல்ல நிலையில் நின்றால் அதை மரியாதையோடு பார்க்கிறார்கள்.

அளவுகோல்களில் இது நன்றாக நிற்கிறது. தரையில் இருந்து உயரம் போதும். ஊர் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். உதிரிப்பாகம் இலங்கையிலேயே செய்யப்பட்டு, பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியான கார் இது. 92 ஒக்டேன் போதும். பழைய எஞ்சின் ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்தது என்பதால், வால்வு இருக்கைகள் கடினப்படுத்தியவையா என்று மட்டும் கேளுங்கள்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சந்தையில் "டூரர்" என்று விற்கப்படுபவற்றில் சில, சாதாரண மைனரின் கூரையை அறுத்துச் செய்தவை. மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். கூரையை எடுத்தால் வலுவில் ஒரு பங்கு போய்விடும். அதனால்தான் தொழிற்சாலையில் செய்த டூரருக்கு டாஷ்போர்டின் ஓரங்களிலும் கதவுக்கு அடியிலும் கூடுதல் தகரம் வைத்துப் பலப்படுத்தினார்கள். வெறுமனே அறுத்த கார் நடுவில் தொய்யும். சோதனை எளிது: காரின் ஒரு மூலையை ஜாக்கியால் தூக்கி, கதவைத் திறந்து மூடுங்கள். இறுகினால், அல்லது இடைவெளி மேலே ஒடுங்கிக் கீழே அகன்றால், அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். புத்தகத்தில் உள்ள சேசிஸ் இலக்கத்தையும் காரில் பொறித்த இலக்கத்தையும் ஒப்பிடுங்கள். மறைந்துபோன காரின் புத்தகத்தை வேறு உடலுக்குப் பொருத்தி விற்பவர்களும் உண்டு.

பலரும் கேட்பதால் இதையும் சொல்கிறேன்: புதிய காரின் கூரையை அறுத்துத் திறந்த காராக்கித் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். உருமாற்றத்துக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி இல்லாவிட்டால் காப்புறுதியும் கைவிடும், விபத்தில் உடலும் கைவிடும்.

மைனரின் பிரேக் இன்றைய கார்களுடையது அல்ல. இரவில் ஏ9இல் மாடுகள் படுத்திருக்கும். மங்கிய விளக்கோடு வேகமாக ஓடக் கூடாது. இருக்கைப் பட்டி பொருத்துங்கள். பகல் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் வழி: வாடகை

ஆண்டில் மூன்று நாள் மட்டும் வேண்டும் என்றால் வாடகைக்கு எடுங்கள். இதில் நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. கொழும்பில் இருந்து சாரதியோடு வரும். தூரக் கட்டணம், சாரதியின் தங்குமிடம், பிணைப்பணம் ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். திருமணத்துக்கு என்றால் கூரையைக் கடைசி ஒரு கிலோமீற்றருக்கு மட்டும் திறக்கச் சொல்லுங்கள். மணப்பெண்ணின் தலைப்பூவும் சேலைத் தலைப்பும் காற்றில் படும் பாட்டை நான் கண்டிருக்கிறேன். பிள்ளை அழாத குறை.

வவுனியாக்காரரின் நிலை இதற்கு மறுபக்கம்: அவர் வாங்கி வாடகைக்கு விடப் பார்க்கிறார். முதலில் காப்புறுதி. தனியார் பாவனைக்கென எடுத்த காப்புறுதி, வாடகை ஓட்டத்தில் நடந்த விபத்துக்குப் பணம் தராது. அடுத்தது நாட்காட்டி. மார்கழியும் ஆடியும் திருமணம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை. மிஞ்சும் மாதங்களின் முகூர்த்த நாட்களை எண்ணி, அதில் பாதியில் மட்டும் உங்கள் கார் எடுபடும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அவர் போட்டுப் பார்த்தார். உயர்ரகக் கார் கட்டுப்படியாகவில்லை. அலங்கரித்த மைனர் டூரர் கட்டுப்படியானது. நான்கு பேர் உட்காரலாம், படத்துக்கும் அழகு.

புத்தகமும் விற்பனையும்

வாங்கும்போதே விற்பதைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று சிலர் நினைக்கிறார்கள். இந்தக் காரில் பணம் போவது பெரும்பாலும் விற்கும் நாளில்தான். வன்னியில் இரண்டு இருக்கைக் காரை வாங்க எத்தனை பேர் வருவார்கள் என்று விரல் விட்டு எண்ணலாம். வாங்குபவர் கொழும்பிலோ கண்டியிலோ இருப்பார். அவருக்கு வடக்கில் இருந்து வரும் காரைப் பற்றி இரண்டு பயம்: உப்புக் காற்றும் வெள்ளமும். அந்தப் பயத்தைப் போக்குவது பேச்சு அல்ல, கொப்பி. முதல் நாளில் இருந்தே ஒரு கொப்பியில் திகதி, கிலோமீற்றர், செய்த வேலை, பற்றுச்சீட்டு எல்லாம் ஒட்டி வையுங்கள். காரின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து விளம்பரத்தில் போடுங்கள். மறைப்பதாக நினைத்தால் முந்நூறு கிலோமீற்றர் வர மாட்டார். மழைக்கு முன், புரட்டாசிக்குள் விற்கப் பாருங்கள்.

பெயர் மாற்றாமல், கையெழுத்திட்ட வெறும் படிவத்தோடு காரைக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வாங்குபவர் அடுத்தவருக்கும், அவர் இன்னொருவருக்கும் விற்பார். அந்தக் கார் எங்கோ விபத்தில் மாட்டினால் பொலிஸ் தேடி வருவது புத்தகத்தில் பெயர் உள்ளவரை. வாங்கும்போதும் இதே கண்ணோடு பாருங்கள்: புத்தகத்தில் உள்ளவர்தான் முன்னால் நிற்கிறாரா, லீசிங் கடன் முடிந்ததா, வருமான உத்தரவுப் பத்திரமும் புகைப் பரிசோதனையும் நடப்பில் உள்ளனவா. ஒன்று குறைந்தாலும் முற்பணம் கொடுக்காதீர்கள்.

என் கார் விற்க ஐந்து மாதம் எடுத்தது. கேட்ட விலை கிடைக்கவில்லை. ஏழு பேர் தொலைபேசியில் பேசினார்கள், இரண்டு பேர் வந்தார்கள். வாங்கியவர் கொழும்பில் இருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். கொப்பியை முழுவதும் படித்தார். பிறகு ஒன்றும் பேசாமல் விரிப்பைத் தூக்கி, அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். உலர்ந்திருந்தது. பொனற்றின் மேலேயே படிவத்தை வைத்து இருவரும் கையெழுத்திட்டோம். அவர் சாவியை வாங்கியதும், டிக்கியில் இருந்த பிரேக் கேபிளை எடுத்து அவரிடம் கொடுத்து, இருக்கைக்குப் பின்னால் எந்த மூலையில் விட வேண்டும் என்று காட்டினேன். அவர் அங்கேயே முழங்காலிட்டு, ஒருமுறை விட்டுப் பார்த்தார்.